பூமி இல்ல, நாந்தான்

ராபர்ட்சன்பேட்டையில் நான் சவுண்டு சர்வீஸ் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், சாவு என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்குக் கொடுப்பது தொழில். இந்தத் தொழிலில் பொய் சொல்ல யாரும் கற்றுத்தருவதில்லை, அதுவாக வந்துவிடும். மைக் கத்தினால் கரண்ட் சரியில்லை என்போம். ஒரு பாக்ஸ் பாடாமல் நின்றுவிட்டால், அந்தப் பக்கம் கைக்குழந்தைகள் தூங்குகின்றன, வேண்டுமென்றேதான் குறைத்திருக்கிறோம் என்போம். ஜனங்களும் சரி என்று போய்விடுவார்கள். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் என் கடைக்கு வந்தார்.

பெண், முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கழுத்தோடு வெட்டிய முடி, தோளில் லேப்டாப் பை. அவருடைய அப்பா இங்கே பெரிய தொழிற்சாலையில் வேலை கிடைத்துத் திருச்சிப் பக்கமிருந்து வந்தவர். அவர் இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மகள் பெங்களூர் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே வேலை என்று ஊருக்கு வந்தவர், அம்மாவோடு அப்படியே தங்கிவிட்டார்.

"ரெண்டு பாக்ஸ், ஒரு புரொஜக்டர் வேணும்ணா. சனிக்கெழம சாயந்தரம்."

"இன்னா ஃபங்ஷன்மா?"

"ஃபங்ஷன் இல்லண்ணா. மாடியில மியூசிக் பண்ணணும்."

"எத்தினி பேரு வருவாங்க?"

"யாரும் வர மாட்டாங்க."

யாரும் வராத நிகழ்ச்சிக்கு நான் அதுவரை ஸ்பீக்கர் கொடுத்ததில்லை, சில கட்சிக் கூட்டங்களைத் தவிர. அதனால் என்னதான் நடக்கிறது என்று பார்க்க நானே பாக்ஸோடு போனேன்.

மொட்டை மாடியில் ஒரு பாய். பாய்மேல் லேப்டாப். எதிர்வீட்டின் பக்கச் சுவர் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. புரொஜக்டரை அதன்மேல் திருப்பச் சொன்னார். சுவரில் வெறும் வெளிச்சம். பிறகு அவர் டைப் அடிக்க ஆரம்பித்தார். அடித்ததெல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் வந்தது. ஒரு வரி முடிந்ததும் 'டொக், டொக்' என்று ஒரு சத்தம். அடுத்த வரிக்கு அந்தச் சத்தத்துக்கு நடுவில் இன்னொரு சத்தம். எழுத்துக்குப் பின்னால் ஒரு படமும் வந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு மேடு. ஒவ்வொரு சத்தத்துக்கும் மேட்டின்மேல் ஒரு கோடு வழிந்து இறங்கியது.

பாட்டு எங்கே என்று கேட்டேன். முன்பே செய்து வைத்த பாட்டு எதுவும் இல்லை என்றார். கம்ப்யூட்டருக்குக் கட்டளையை எழுத எழுதச் சத்தம் வரும், எழுதியதை மாற்றினால் சத்தமும் மாறும், படமும் மாறும். கேட்க வந்தவர்கள் எழுதுவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அதுதான் முக்கியம் என்றார்.

"ஏம்மா, சத்தம் மட்டும் கேட்டா போதாதா?"

"மறச்சுவெச்சுகினு சத்தம் மட்டும் விட்டா அது மந்திரம்ணா. மந்திரம் போடறவங்கள எனக்குப் புடிக்காது." சுவரைக் காட்டினார். "இதோ கீது, பாத்துக்குங்க."

இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வாயால் பிறகு எத்தனையோ முறை கேட்டேன்.

நடுவில் ஏதோ பிசகி, சத்தம் பன்றிக்குட்டி மாதிரி அலறியது. நானாக இருந்தால் ஒயரைப் பிடுங்கிவிட்டுக் கரண்டைத் திட்டியிருப்பேன். அவர் நிதானமாக, எல்லாருக்கும் தெரியும்படி, சுவரில் தமிழில் எழுதினார்: "தப்பு பண்ணிட்டேன். இருங்க."

"யாருக்கும்மா எழுதறீங்க? யாரும் இல்லியே."

"நீங்க கீறீங்களே."

அதைச் சரிசெய்த பிறகு அடியில் ஒரு சத்தம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தார். எனக்கு அது காதில் கேட்டதைவிட வயிற்றில்தான் கேட்டது. அவர் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இன்னும் ஏற்றினார். மறுபடி ஏற்றினார். எட்டிப் பார்த்தால் தெரு முழுக்க ஜனங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்தை மூடி வருடக்கணக்காகிறது. ஆனால் தோண்டிய இடமெல்லாம் அடியில் காலியாகத்தான் கிடக்கிறது. எப்போதாவது உள்ளே பாறை நொறுங்கினால் மேலே நிலம் ஒரு குலுக்குக் குலுக்கும். அலமாரியில் பாத்திரம் கலகலத்தால் முதலில் வெளியே வந்துவிடுவோம், ஏன் என்று பிறகுதான் கேட்போம். அவர் அடிச் சத்தத்தை ஏற்றியபோது அந்தத் தெருவில் எல்லார் வீட்டுப் பாத்திரமும் கலகலத்திருக்கிறது.

அவர் சத்தத்தை நிறுத்திவிட்டு கீழே இறங்கிப் போனார். ஒவ்வொரு வாசலாக நின்று, "பூமி இல்லீங்க, நாந்தான். சத்தத்த அதிகமா வெச்சுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தெருக்கோடி வரை போய்விட்டு வந்தார். சந்தேகமே படாதவர்களிடமும் சொன்னார். கடைசி வீட்டுக்காரருக்கு எதுவுமே கேட்டிருக்கவில்லை. அவரையும் எழுப்பிச் சொல்லிவிட்டு வந்தார்.

"ஸ்பீக்கர் மேல பழியப் போட்டிருக்கலாமேம்மா" என்றேன்.

"ஸ்பீக்கர் நல்லாத்தானண்ணா கீது" என்றார்.

அதன்பிறகு பல சனிக்கிழமைகள் வந்தார். வந்தால் கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். எனக்கு அது பயமாக இருக்கும். ஒரு நாள் பங்காருபேட்டையிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா கல்யாணத்துக்குப் பேச வந்திருந்தார். நான் வரிசையாக பாக்ஸ்களைக் காட்டி எல்லாம் புதுசு மாதிரி என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இவர் அக்கறையோடு எழுந்து வந்து, "ரெண்டாவது பாக்ஸ்ல மட்டும் ஸ்பீக்கர் பேப்பர் கிழிஞ்சிருக்குங்க. ஒட்டி வெச்சிருக்காரு. பேசறதுக்கு ஓகே, நாதஸ்வரம் வெச்சா கரகரன்னு வரும்" என்றார். அந்த மனிதர் என்னைப் பார்த்தார். நான் பாக்ஸைப் பார்த்தேன். "அத விட்டுட்டு மத்ததக் குடுங்க" என்று சொல்லி முன்பணம் வைத்துவிட்டுப் போனார். பிறகு தன் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கும் என்னிடமே வந்தார். என் தொழில் அனுபவத்தில் இதற்கு விளக்கம் இல்லை.

அவர் செய்ததெல்லாம் எங்கள் ஊரில் கண்ணால் பார்த்த விஷயங்கள்தான். சுவரில் வந்த சாம்பல் மேடு எங்கள் சயனைடு மேடு. சயனைடு ஊற்றித் தங்கம் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகவே ஆகிவிட்ட மேடு அது. வெளியூர்க்காரர்கள் படம் எடுப்பார்கள், நாங்கள் காற்றடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்துவோம். ஒரு மாலை நல்ல மழை. புரொஜக்டர் கொடுக்கப் போன என்னை, குடை பிடிக்க ஆள் வேண்டும் என்று மேட்டடிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

"பாருங்கண்ணா, தண்ணி ஒண்ணா வருதா? அந்தக் கல்லுகிட்ட ரெண்டாப் பிரியுது. அப்புறம் அது ரெண்டும் தனித்தனியா பிரியுது. ஆனா கீழ வந்து சேரும்போது பாருங்க, ஒண்ணு முன்னாடி வருது, ஒண்ணு லேட்டு. அந்த லேட்டுதாண்ணா தாளம்."

எனக்குச் செருப்பு நனைந்ததுதான் தெரிந்தது. ஆனால் அடுத்த சனிக்கிழமை சுவரில் அந்தக் கோடுகள் இறங்கியபோது, எது லேட்டாக வரப்போகிறது என்று நானே காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஒரு நாள் அவருடைய அம்மா கடைக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பேசினார்.

"தம்பி, ஞாயித்துக்கெழம அவளப் பொண்ணு பாக்க வேலூர்லேருந்து வர்றாங்க. அவ வந்து ஸ்பீக்கர் கேட்டா இல்லன்னு சொல்லிடுப்பா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

இது எனக்குப் பழக்கமான வேலைதான். சரி என்றேன். மறுநாள் மகள் வந்தார். எல்லாம் புக்கிங் என்றேன். பின்னால் அடுக்கியிருந்ததைக் காட்டி, "அது?" என்றார். ரிப்பேர் என்றேன். அவர் எழுந்துபோய் ஒயரைச் சொருகினார். அது நன்றாகப் பாடியது.

"அம்மா வந்தாங்களா?"

"வந்தாங்க."

அவருக்குக் கோபம் வரவில்லை. "அப்ப வேணாண்ணா. அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும்" என்று போய்விட்டார். நானும் அம்மாவும் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அம்மாவே பிறகு சொன்னார். மாப்பிள்ளையின் அம்மா, பெண்ணுக்குப் பாடத் தெரியுமா என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டிருக்கிறார். தெரியாது, ஆனால் மியூசிக் பண்ணுவேன் என்று இவர் லேப்டாப்பை டிவியில் சொருகி, கொஞ்ச நேரம் எழுதிக் காட்டியிருக்கிறார். அவர்கள் கேசரியைச் சாப்பிட்டபடியே பார்த்திருக்கிறார்கள். மாப்பிள்ளைப் பையன் நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லியிருக்கிறான். அதோடு விட்டிருக்கலாம்.

"எனக்கு எடது காது போய்கினே கீதுங்க" என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். "டாக்டர் பாத்துட்டாரு. வலது காது நல்லா கீது. அதுவும் போவலாம், போவாமயும் இருக்கலாம். இதோ ரிப்போர்ட்டு, பாத்துக்குங்க."

மீதிக் கேசரியை யாரும் சாப்பிடவில்லை. போய்ச் சேர்ந்ததும் போன் செய்கிறோம் என்றார்கள். அம்மா என்னிடம் சொன்னபோது இரண்டு மாதம் ஆகியிருந்தது. "வேலூர் அவ்வளவு தூரமா தம்பி?" என்றார்.

காது விஷயம் எனக்கு அப்போதுதான் தெரியும். அடுத்த முறை வந்தபோது கேட்டேன். காதுக்குள்ளே ஒரு சின்ன எலும்பு இறுகிக்கொண்டே வருகிறதாம். முதலில் போவது அடிச் சத்தம்தானாம்.

"அன்னிக்குத் தெரு முழுக்க வெளிய வந்துச்சே, ஞாபகம் கீதா? எனக்கு அந்தச் சத்தம் கொஞ்சூண்டுதாண்ணா கேட்டுச்சு. அதான் ஏத்திகினே போனேன். இவங்க எல்லாம் வந்து நின்னதப் பாத்த பின்னாலதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு. அடுத்த வாரமே போய்க் காட்டினேன்."

"இப்ப எப்படிம்மா பண்றீங்க?"

"அடிச் சத்தம் ஏறுனா மேட்டோட அடிவாரம் கறுக்கற மாதிரி எழுதி வெச்சுகீறேன். கண்ணால பாத்துப்பேன். அப்புறம் செருப்பில்லாம உக்காருவேன். கால்ல தெரியும்."

சாவுக்கு ஸ்பீக்கர் கட்டிக்கட்டி எனக்கு ஆறுதல் சொல்லும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. டீ வரவழைத்துக் கொடுத்தேன்.

அந்த வருடம், பழைய சுரங்கப் பகுதியான சாம்பியன் ரீப்ஸில், மாரியம்மன் திருவிழாவில் ஒரு சாயங்காலம் நிகழ்ச்சி செய்யலாமா என்று கமிட்டித் தலைவரைக் கேட்க அவரை நான்தான் கூட்டிப்போனேன். தலைவர், சுரங்கத்தில் ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜை இயக்கி ரிட்டயரானவர்.

"டிஜே தானம்மா?" என்றார்.

"ஆமா" என்று நான் சொல்வதற்குள் இவர் "இல்லீங்க" என்றார். பிறகு விளக்கினார். கட்டளை, சத்தம், படம், மழை, மேடு என்று வெகுநேரம் விளக்கினார். தலைவர் பொறுமையாகக் கேட்டார்.

"புரியுதும்மா" என்றார் கடைசியில். "டிஜே."

நிகழ்ச்சி நாளன்று மாலை ஏழு மணிக்கு மைதானத்தில் இரண்டு கம்பத்துக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினோம். திருவிழா என்பதால் பெரிய பேஸ் பாக்ஸ்களை இறக்கியிருந்தேன். நல்ல கூட்டம். அவருடைய அம்மா முன்வரிசையில் பக்கத்துவீட்டுப் பெண்களோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் மேடையிலேயே ஏறி, ஆட்டத்துக்குத் தயாராக நின்றார்கள். துணியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்து, "பாட்டு போடுங்க! பாட்டு!" என்று கூச்சல்.

துணியில் எழுத்து வந்தது: "பாட்டு இன்னும் செய்யல. இனிமேதான். கொஞ்சம் இருங்க."

கூட்டம் சிரித்தது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்குப் பக்கத்திலிருந்தவர்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னார்கள். டொக், டொக் என்று மழைச் சத்தம் ஆரம்பித்தது. மேடு வந்ததும், "ஏய், நம்ப மேடுப்பா!" என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இறங்கியது. தாளம் சேரச்சேரப் பிள்ளைகள் குதிக்க ஆரம்பித்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போனது. அவர் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வந்து, அடிச் சத்தத்தையும் சேர்த்தார்.

மேடைப் பலகை ஏற்கெனவே குதியாட்டத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது. அவருடைய காலுக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. மேட்டின் அடிவாரம் இருந்த இடத்தில் துணி முழுக்கப் பிள்ளைகளின் நிழல். அவர் ஏற்றினார். இன்னும் ஏற்றினார்.

முதலில் பின்வரிசையில் நாலைந்து கிழவர்கள் எழுந்தார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், பேசாமல், ரோட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள். அவர்களைப் பார்த்துப் பெண்கள் குழந்தைகளைத் தூக்கினார்கள். நாற்காலிகள் சரிந்தன. ஒரே வழி, கயிறு கட்டிய குறுகலான வழி. கூட்டம் அதன் பக்கமாகத் திரும்பியது. என் கை மிக்ஸரில் அடிச் சத்தத்துக்கான குமிழில் இருந்தது. சத்தமில்லாமல் குறைத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. எத்தனை கல்யாணத்தில் செய்தது!

அவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். அடிச் சத்தத்தைச் சட்டென்று நிறுத்தினார். மழைச் சத்தம் மட்டும் டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. துணியில், இருப்பதிலேயே பெரிய எழுத்தில், எழுதினார்:

"பூமி இல்ல. நாந்தான்."

கிழவர்கள் நின்றார்கள்.

"அடியில ஒரு சத்தம் வெச்சேன். எனக்கு ஒரு காதுல அது கேக்காது. அதான் அதிகமாயிடுச்சு. மன்னிச்சுக்குங்க."

மைதானமே அதைப் படித்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் சத்தமாகப் படித்துச் சொன்னார்கள். ஊரில் கல்யாணத்துக்குப் பெண் கேட்கக்கூடிய அத்தனை குடும்பமும் அங்கே உட்கார்ந்திருந்தது. அம்மா முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். நான் குமிழிலிருந்து கையை எடுத்தேன்.

துணியில் அடுத்த வரி வந்தது: "இப்ப கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறேன். போதும்னா கையத் தூக்குங்க."

அடிச் சத்தம் மெல்ல எழுந்தது. கமிட்டித் தலைவர் முன்னால் வந்து நின்று, கேஜ் இறக்குகிறவர் மாதிரியே கண்ணை இடுக்கிக் கவனித்தார். "ஏத்தும்மா... ஏத்து... இரு. போதும்!" என்று கையைத் தூக்கினார். கிழவர்கள் எல்லாரும் தூக்கினார்கள். பையன்கள் தூக்கவில்லை. "அக்கா, இன்னும் கொஞ்சம்!" என்றார்கள். தலைவர் திரும்பிப் பார்த்தார். "ஒரு துளி ஏத்தும்மா, பசங்க ஆசப்படறானுங்க" என்றார். ஒரு துளி ஏறியது. எல்லாக் கையும் உயர்ந்தது. எங்கள் ஊர்க் கமிட்டி எந்த விஷயத்திலும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அதன்பிறகு அவர் ஈசல் விட்டார். மழைக்குப் பிறகு மேட்டடியில் கிளம்புமே, அந்த ஈசல். ஒவ்வொரு மணிச்சத்தத்துக்கும் துணியில் ஒன்று பறந்தது. துணி கொள்ளாமல் பறந்தது. பிள்ளைகள் எட்டி எட்டிப் பிடித்தார்கள். பிறகு எழுதிய வரிகளை ஒவ்வொன்றாக, எல்லாரும் பார்க்க, அழித்தார். அழிக்க அழிக்க ஈசல்களுக்குச் சிறகு உதிர்ந்தது. கடைசியில் ஒரு டொக். பிறகு வெறும் துணி.

தலைவர் மைக்கை வாங்கி, "டிஜே நல்லா இருந்துச்சு" என்று அறிவித்தார்.

நான் ஒயர் சுற்றும்போது அம்மா பக்கத்தில் வந்து நின்றார். "இனிமே நான் யார்கிட்டயும் எதையும் மறைக்க வேண்டியதில்ல தம்பி. ஊருக்கே எழுதிக் காட்டிட்டா" என்றார். அழுகிறாரோ என்று நிமிர்ந்து பார்த்தேன். பொரி தின்றுகொண்டிருந்தார்.

இப்போது அவர்கள் ஊரில் இல்லை. மகள் வேலை மறுபடி ஆபீஸுக்கே மாறியதால் இரண்டு பேரும் பெங்களூர் போய்விட்டார்கள். அங்கே சின்னச் சின்ன இடங்களில் நிகழ்ச்சி செய்கிறாராம். சத்தம் எவ்வளவு வேண்டும் என்று கூட்டத்தைக் கையைத் தூக்கச் சொல்கிறாராம். படித்தவர்கள் அதை ஒரு புது மாதிரி என்று நினைத்துக்கொள்கிறார்களாம். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

அவர் பொய் சொல்லி நான் பார்த்தது ஒரே ஒரு முறை. அது ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால்.

இடது காதுக்கு ஆபரேஷன் செய்தார்கள். பெரும்பாலும் சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் இருப்பதும் போய்விடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மாதான் செய்துகொள்ளச் சொல்லி மன்றாடினார், அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். கட்டுப் பிரித்துச் சில வாரம் கழித்து, காதைச் சோதிக்க மகள் தனியாகப் பெங்களூர் போய்விட்டு ரயிலில் திரும்பினார். அன்று சாயங்காலம் என் புரொஜக்டரை எடுத்துப்போக நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா சர்க்கரைப் பொங்கலே செய்து வைத்திருந்தார்.

மகள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அம்மா இடது பக்கத்திலிருந்து, "என்னம்மா சொன்னாரு டாக்டர்?" என்று கேட்டார். அவர் திரும்பவில்லை. செருப்பை ஒழுங்காகச் சுவரோரம் வைத்தார். அம்மா சுற்றிக்கொண்டு முன்னால் வந்து, முகத்துக்கு நேரே மறுபடி கேட்டார்.

"கேக்குதாம்மா?"

அவர் அம்மாவின் முகத்தையே பார்த்தார். அம்மாவின் நெற்றியில் கோயில் குங்குமம் இருந்தது.

"கேக்குதும்மா" என்றார்.

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டே, "இரு, டீ போடறேன், தம்பியும் இருப்பா" என்று அடுப்படிக்கு ஓடினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும் கூடத்தில். அவர் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே சுற்றிய புரொஜக்டர் ஒயரையே மறுபடி சுற்றினேன்.

"இன்னிக்கு மட்டும்ணா" என்றார் மெல்ல. "நாளைக்கு நானே சொல்லிடறேன்."

போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாற்காலி காலியாக இருந்தது. அடுப்படியில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. நான் ஒயரைக் கீழே வைத்துவிட்டுப் போய், அவருக்கு இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா டீயோடு வந்து இங்கும் அங்கும் பார்த்துவிட்டு, வேறு இடம் இல்லாததால், வலது பக்கம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்.